26 தலைமுறை... ஒரே தொழில்! - திராட்சைத் தோட்டத்தை விட்டுக்கொடுக்காத குடும்பங்களின் கதை

1385-ம் ஆண்டு. கொலம்பஸ் பிறக்கவே இன்னும் 66 ஆண்டுகள் இருந்தன. ஐரோப்பாவுக்கு அச்சு இயந்திரம் வந்திருக்கவில்லை. இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் ஜொவான்னி தி பியெரோ ஆன்டினோரி என்பவர், ஒயின் வணிகர்கள் சங்கத்தில் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ அரசுகள் வந்தன, போயின. கொள்ளை நோய்கள் தெருத்தெருவாக ஆட்களைக் கொண்டுபோயின. நெப்போலியன் வந்தார், முசோலினி வந்தார், இரண்டு உலகப் போர்கள் வந்துபோயின. ஆன்டினோரி குடும்பம் இன்றும் அதே ஒயின் தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது. இப்போது நிர்வாகத்தில் இருப்பது 26-வது தலைமுறை!

தாத்தா ஆரம்பித்த கடையைப் பேரன் காலத்தில் இழுத்துமூடுவது உலகம் முழுக்க சகஜம். அப்படியிருக்க, 640 ஆண்டுகளாக ஒரு குடும்பத்தால் எப்படி ஒரே தொழிலில் நிற்க முடிகிறது? ஆன்டினோரி மட்டுமல்ல... ஐரோப்பாவில் 200, 300 ஆண்டுகளைக் கடந்த ஒயின் குடும்பங்கள் பல உண்டு. நல்ல நிலையில் இருந்தும், வீட்டுச் சண்டையால் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்களும் உண்டு.

மது உடல்நலத்துக்குக் கேடு என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. இங்கே பார்க்கப்போவது, கோப்பைக்குப் பின்னால் இருக்கும் குடும்பங்களின் கதையைத்தான். சொத்து, வாரிசு, பாகப்பிரிவினை, பங்காளிச் சண்டை என்று எல்லா வீடுகளிலும் நடக்கிற விஷயங்கள்தான் அங்கேயும் நடந்திருக்கின்றன.

கொடிக்கு அவசரம் தெரியாது

முதலில் ஒரு கேள்வி. ஒயின் தொழிலில் மட்டும் ஏன் இத்தனை பழைய குடும்பங்கள்?

பதில் திராட்சைக் கொடியிலேயே இருக்கிறது. ஒரு கொடியை நட்டால், ஒயினுக்கு உதவும் பழம் கிடைக்கவே மூன்று ஆண்டுகள் ஆகும். கொடி முதிர்ந்து, வேர் ஆழமாக இறங்கி, பழத்தில் நல்ல சாரம் ஏற பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அதற்குப் பிறகு ஐம்பது ஆண்டுகள் வரைகூட அது பலன் தரும். நூறு வயதைத் தாண்டிய கொடிகளும் உண்டு. அப்பா நட்ட கொடியில் மகன் பழம் பறிப்பார். அதன் அருமை பேத்தி காலத்தில்தான் முழுதாகத் தெரியவரும்.

ஒயினை ஊறவைக்கும் பீப்பாய்களுக்கு ஓக் மரம் வேண்டும். அதற்கு 150 ஆண்டுகளுக்கு மேல் வளர்ந்த மரங்களைத்தான் தேடிப்போகிறார்கள். போர்ச்சுகல் நாட்டின் 'வின்டேஜ் போர்ட்' வகை ஒயின், பாட்டிலுக்குள் போன பிறகும் 20, 30 ஆண்டுகள் காத்திருக்கிறது. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில், 1639 முதல் ஒயின் தயாரித்துவரும் ஹ்யூகெல் குடும்பத்தின் நிலவறையில் ஒரு மரப்பீப்பாய் இருக்கிறது. செய்த ஆண்டு 1715. அது காட்சிப்பொருளாக நிற்கவில்லை. இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது. உலகில் பயன்பாட்டில் உள்ள மிகப் பழைய ஒயின் பீப்பாய் என்று கின்னஸ் புத்தகம் அதை அங்கீகரித்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அறுவடை ஆண்டுக்கு ஒருமுறைதான். ஒருவர் 40 ஆண்டுகள் தொழில் செய்தால், அவர் வாழ்நாளில் மொத்தமே 40 வாய்ப்புகள். இந்தச் சரிவில் எந்த வகை நன்றாக வரும், எந்த மூலையில் பனி விழும், எந்தப் பாத்தியில் தண்ணீர் நிற்கும் என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள ஒரு ஆயுள் போதாது. தாத்தா சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

பங்குச்சந்தையில் இருக்கும் ஒரு நிறுவனம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்கு காட்டியாக வேண்டும். முப்பது ஆண்டுகள் காத்திருக்க அதனால் முடியாது. குடும்பத்தால் முடியும். இதுதான் குடும்பங்களின் பலம். ஆனால், குடும்பம் என்று இருந்தால் வாரிசுகளும் இருப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சுவருக்குள் ஒரு பாகம், எண்பது பேருக்கு

பிரான்ஸில் உள்ள பர்கண்டி பகுதியில் 'க்ளோ த வூஜோ' என்ற புகழ்பெற்ற திராட்சைத் தோட்டம் இருக்கிறது. சுற்றிலும் கல் மதில். உள்ளே சுமார் 50 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 125 ஏக்கர் நிலம். இடைக்காலத்தில் சிஸ்டெர்சியன் துறவிகள் உருவாக்கிய தோட்டம் இது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசு அதைப் பறிமுதல் செய்து விற்றது. 1889 வரை மதிலுக்குள் ஒரே உரிமையாளர்தான். அந்த ஆண்டில் துண்டுகளாக விற்கப்பட்டது. அதன்பிறகு விற்பனையாலும் வாரிசுரிமையாலும் பிரிந்து பிரிந்து, இன்று அதே மதிலுக்குள் சுமார் 80 பேருக்கு நிலம் இருக்கிறது. சிலருக்கு ஒன்றிரண்டு வரிசைக் கொடிகள்தான் சொந்தம்!

பர்கண்டி முழுக்கவே இப்படித்தான். அதற்கு முக்கியக் காரணம் 1804-ல் நெப்போலியன் கொண்டுவந்த சட்டம். அதற்கு முன் பிரபுக்கள் குடும்பங்களில் சொத்தின் பெரும்பகுதி மூத்த மகனுக்கே போகும். 'மகன், மகள் வித்தியாசம் இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் சம பங்கு' என்றது புதிய சட்டம். நியாயமான சட்டம்தான். பெண் பிள்ளைகள் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. ஆனால், நான்கு பிள்ளைகள் இருந்தால் தோட்டம் நான்காகும். அவர்களுக்கும் நான்கு நான்கு பிள்ளைகள் என்றால் பதினாறு துண்டு. இரண்டே தலைமுறையில் ஒரு தோட்டம் பாத்திகளாகிவிடும்.

போதாததற்கு வரி வேறு. பிரான்ஸில் பெற்றோரின் சொத்து பிள்ளைகளுக்கு வரும்போது, பெரிய சொத்துகளின் உச்ச அடுக்குக்கு 45 சதவிகிதம் வரை வாரிசு வரி உண்டு. பர்கண்டியில் முதல் தர நிலத்தின் விலை விண்ணைத் தொட்டுவிட்டது. காகிதத்தில் கோடீஸ்வரர், கையில் டிராக்டர் வாங்கக்கூட யோசிக்கும் விவசாயி. அப்பா இறந்தால், வரி கட்டுவதற்காகவே நிலத்தை விற்க வேண்டிய நிலை சில குடும்பங்களுக்கு வருகிறது.

'க்ளோ த தார்' என்ற தோட்டத்தின் கதை இதற்கு நேர் எதிரானது. அளவு ஏழரை ஹெக்டேர்தான். 1141-ல் கன்னியாஸ்திரிகள் கைக்கு வந்த அந்த நிலம், இதுவரை ஒருமுறைகூடத் துண்டாகவில்லை. கிட்டத்தட்ட 900 ஆண்டுகளில் நான்கே உரிமையாளர்கள். முதலில் கன்னியாஸ்திரிகள். புரட்சிக்குப் பிறகு ஒரு குடும்பம். 1932-லிருந்து மொம்மெஸான் குடும்பம். 2017-ல் அதை வாங்கிய நான்காவது உரிமையாளர், பிரான்ஸின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான ஃப்ரான்ஸுவா பினோவின் நிறுவனம். நிலம் உடையவில்லை. ஆனால் அது குடும்பத்தின் கையிலும் இல்லை.

நிலத்துக்குப் பதிலாகப் பங்கு

சரி, நிலத்தை வெட்டாமல் பிரிக்க வழியே இல்லையா? இருக்கிறது. நிலத்தை ஒரு கம்பெனியின் பெயரில் வைத்து, பிள்ளைகளுக்குப் பங்குகளை மட்டும் பிரித்துக்கொடுப்பது. பல குடும்பங்கள் இந்த வழியைத்தான் தேர்ந்தெடுத்தன. தோட்டம் தப்பியது. ஆனால், தலைமுறைக்குத் தலைமுறை பங்குதாரர்கள் பெருகிக்கொண்டே போனார்கள்.

ஸ்பெயினின் பார்சிலோனா அருகே உள்ள கொதோர்னியூ நிறுவனம், தன் வரலாற்றை 1551-ல் இருந்து எண்ணுகிறது. 1659-ல் அந்தக் குடும்பத்தின் வாரிசான அன்னா கொதோர்னியூ, ராவென்டோஸ் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அன்றிலிருந்து தொழில் ராவென்டோஸ் குடும்பத்துடையது. 1872-ல் 'காவா' எனப்படும் ஸ்பெயின் நாட்டின் நுரை ஒயினை முதன்முதலில் தயாரித்தவர்கள் இவர்கள்தான். ஆனால் 21-ம் நூற்றாண்டில், குடும்பத்துக்குள்ளேயே 200-க்கும் மேற்பட்ட பங்குதாரர்கள் ஆகிவிட்டார்கள். இதில் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் சிலர். ஆண்டுக்கு ஒருமுறை லாபப் பங்கை மட்டும் எதிர்பார்ப்பவர்கள் பலர். 2018-ல் பெரும்பான்மைப் பங்குகள் அமெரிக்க முதலீட்டு நிறுவனமான கார்லைலுக்குப் போயின. 467 ஆண்டுகள்... ஒரு கையெழுத்தில் முடிந்தது.

பிரான்ஸின் 'ஷத்தோ திகெம்' கதை இன்னும் வலி மிகுந்தது. உலகின் மிகச் சிறந்த இனிப்பு ஒயின் என்று கொண்டாடப்படுவது இது. பூஞ்சை பிடித்துச் சுருங்கிய பழங்களை மட்டும், பல சுற்றுகளாகக் கையால் தேர்ந்தெடுத்துப் பறிப்பார்கள். ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் தேறும் என்பார்கள். 1785-ல் நடந்த ஒரு திருமணத்தின் மூலம் அந்தத் தோட்டம் லுர்-சாலூஸ் குடும்பத்துக்கு வந்தது. மூன்றே ஆண்டுகளில் கணவர் இறந்துவிட, இளம் விதவையான ஃப்ரான்ஸுவாஸ் ஜோசஃபின் பொறுப்பை ஏற்றார். புரட்சிக் காலத்தில் சிறைக்குப் போய் மீண்டுவந்தும் தோட்டத்தை விடவில்லை. 1826-லேயே தனி நிலவறை கட்டினார். பருவம் சரியில்லாத 1964, 1972, 1974, 1992 போன்ற ஆண்டுகளில், தரம் குறைந்த ஒயினை இந்தப் பெயரில் விற்க மாட்டோம் என்று அந்தக் குடும்பம் தயாரிப்பையே கைவிட்டது. ஓராண்டு வருமானத்தை விட்டுக்கொடுக்கிற துணிச்சல் அது.

அப்படிப்பட்ட குடும்பமும் பங்கு விஷயத்தில் உடைந்தது. 1996-ல் குடும்பத்தினர் பலர் தங்கள் பங்குகளை, லூயி விட்டான் பிராண்டை வைத்திருக்கும் எல்.வி.எம்.ஹெச் குழுமத்துக்கு விற்க முன்வந்தார்கள். விற்றவர்களில் அண்ணனும் ஒருவர். தோட்டத்தை நிர்வகித்துவந்த தம்பி அலெக்ஸாந்தர் எதிர்த்து நின்றார். 1999-ல் சமரசம் ஆனபோது தோட்டம் குடும்பத்தின் கையை விட்டுப் போயிருந்தது. 1472-லிருந்து அவர்களிடம் இருக்கும் ஃபார்க் தோட்டம் மட்டும் மிஞ்சியது.

ஒரு கோட்டு, ஒரு அடி, ஒரு வழக்கு

பங்காளிச் சண்டை என்றால் ஒயின் உலகில் முதலில் நினைவுக்கு வருவது மொண்டாவி சகோதரர்கள்தான்.

இத்தாலியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்தவர் செஸாரே மொண்டாவி. 1943-ல் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் இருந்த 'சார்ல்ஸ் க்ரூக்' என்ற பழைய ஒயின் ஆலையைக் குடும்பத்துக்காக வாங்கினார். மூத்தவர் ராபர்ட் விற்பனையைப் பார்த்துக்கொண்டார். இளையவர் பீட்டர் தயாரிப்பைப் பார்த்துக்கொண்டார். ராபர்ட் பெரிதாகக் கனவு காண்பவர், செலவுக்கு அஞ்சாதவர். பீட்டர் நிதானமானவர். 1959-ல் அப்பா இறந்த பிறகு, இருவருக்கும் நடுவில் நின்றது அம்மா ரோசா மட்டும்தான்.

வெள்ளை மாளிகை விருந்துக்காக ராபர்ட் தன் மனைவிக்கு விலையுயர்ந்த மிங்க் ரோமக் கோட்டு ஒன்று வாங்கியிருந்தார். 1965 நவம்பரில் நடந்த குடும்பக் கூடுகையில் பீட்டர் அதைப் பற்றிக் கேட்டார். 'இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது?' வாக்குவாதம் முற்றி, அண்ணன் தம்பியை அடித்துவிட்டார். ராபர்ட்டே பின்னாளில் தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். குடும்பத் தொழிலில் இருந்து அவர் வெளியேற்றப்பட்டார்.

அப்போது அவருக்கு வயது 50-ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் 1966-ல் கொஞ்ச தூரத்திலேயே தன் பெயரில் புதிய ஆலையைத் தொடங்கினார். அமெரிக்க ஒயினை உலகம் மதிக்கும்படி செய்தவர் என்ற பெயர் வாங்கினார். இன்னொரு பக்கம் சகோதரர்களின் வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. 1976-ல் தீர்ப்பு ராபர்ட்டுக்குச் சாதகமாக வந்தது.

கதை அங்கே முடியவில்லை. நாபாவில் வேர்ப்பேன் நோய் பரவி, கொடிகளைப் பிடுங்கிவிட்டு மீண்டும் நடவேண்டிய நிலை வந்தது. பெரும் பணம் தேவைப்பட்டது. 1993-ல் ராபர்ட்டின் நிறுவனம் பங்குச்சந்தைக்குப் போனது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்கு மட்டும் 35 மில்லியன் டாலர் நன்கொடை அறிவித்தார் அவர். குடும்பத்தின் பங்கு கரையக் கரைய, பிடியும் தளர்ந்தது. அவருடைய இரு மகன்களுக்கு இடையிலும் ஒத்துப்போகவில்லை. 2004-ல் கான்ஸ்டெலேஷன் பிராண்ட்ஸ் நிறுவனம், கடன்களையும் சேர்த்து சுமார் 1.36 பில்லியன் டாலருக்கு மொத்தத்தையும் வாங்கியது. ராபர்ட் மொண்டாவி என்ற பெயர் இன்றும் பாட்டிலில் இருக்கிறது. ஆலை அந்தக் குடும்பத்திடம் இல்லை.

நிதானமான தம்பி பீட்டரின் சார்ல்ஸ் க்ரூக் ஆலையோ, இன்றும் அவர் பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது!

2005-ல், நாற்பது ஆண்டுகள் கழித்து, இரு சகோதரர்களும் சேர்ந்து ஒரே ஒரு பீப்பாய் ஒயின் தயாரித்தார்கள். அதற்கு இத்தாலிய மொழியில் வைத்த பெயரின் பொருள், 'மீண்டும் ஒருமுறை'. நன்கொடைக்காக நடந்த ஏலத்தில் அது 4 லட்சம் டாலருக்கு மேல் போனது. 2008-ல் 94 வயதில் ராபர்ட் மறைந்தார். 2016-ல் 101 வயதில் பீட்டர் மறைந்தார்.

ஆன்டினோரியும் தப்பவில்லை

மீண்டும் ஃப்ளாரன்ஸுக்கு வருவோம். 26 தலைமுறை என்றதும் ஆன்டினோரி குடும்பம் சண்டை சச்சரவே இல்லாமல் வந்ததாக நினைத்துவிட வேண்டாம்.

பட்டு வணிகம், வங்கித் தொழில் எல்லாம் பார்த்த குடும்பம் அது. மற்றவை காலத்தில் கரைந்தன, ஒயின் நின்றது. 1506-ல் வாங்கிய அரண்மனை போன்ற வீடு இன்றும் அவர்களுடையது. அதன் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. ஒரு பாட்டில் நுழையும் அளவுதான். ஃப்ளாரன்ஸில் இப்படி 150-க்கும் மேற்பட்ட 'ஒயின் ஜன்னல்கள்' இருக்கின்றன. இடைத்தரகர் இல்லாமல், பிரபுக்கள் தங்கள் தோட்டத்து ஒயினை வீட்டிலிருந்தே விற்ற வழி அது. 1630-களில் பிளேக் பரவியபோது, ஆளை ஆள் தொடாமல் வியாபாரம் செய்ய அந்த ஜன்னல்கள் உதவின. வாங்கிய நாணயத்தை வினிகரில் போட்டுச் சுத்தம் செய்தார்களாம். 2020-ல் கொரோனா வந்தபோது, சில ஜன்னல்கள் மறுபடியும் திறந்தன!

1966-ல் 28 வயதில் பொறுப்பேற்றார் பியெரோ ஆன்டினோரி. மோசமான நேரம். அந்த நவம்பரில் ஆர்னோ நதி வெள்ளம் ஃப்ளாரன்ஸையே மூழ்கடித்தது. விளைச்சலில் பாதியை நில உரிமையாளருக்குக் கொடுத்து உழுதுவந்த வாரக் குடியானவர்கள், கிராமங்களை விட்டு நகரத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கியான்டி ஒயின் என்றாலே வைக்கோல் சுற்றிய மலிவு பாட்டில் என்ற பெயராகிவிட்டது. சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சையும் கலந்தாக வேண்டும் என்றது அன்றைய சட்டம்.

பியெரோ மீறினார். 'டின்யனெல்லோ' என்ற தன் தோட்டத்தின் பெயரில், 1971 அறுவடையில் ஒரு புது வகை ஒயினைக் கொண்டுவந்தார். வெள்ளைத் திராட்சையைப் படிப்படியாக விட்டு, 1975-ல் முழுமையாக நிறுத்தினார். அதனால் 'கியான்டி' என்ற பெயரைப் போட முடியவில்லை. மிகச் சாதாரண வகைக்குத் தரும் 'மேஜை ஒயின்' என்ற முத்திரையோடுதான் விற்றார். அந்தச் சாதாரண முத்திரை, இத்தாலியின் உயர்ந்த ஒயின்களில் ஒன்றானது. 2006 அறுவடையில் இருந்து, கியான்டி கிளாசிகோவில் வெள்ளைத் திராட்சைக்கே இடமில்லை என்று சட்டம் மாறியது. 35 ஆண்டுகள் கழித்துச் சட்டம் அவர் வழிக்கு வந்தது.

வெளியே ஜெயித்தவருக்கு வீட்டில் சோதனை. அவர் தம்பி லொதொவிகோ தனிவழி போக விரும்பி, 1981-ல் 'ஓர்னெல்லாயா' என்ற தன் தோட்டத்தைத் தொடங்கினார். உடன்பிறந்தவர்களின் பங்குகளுக்குப் பணம் தந்தாக வேண்டும். பியெரோவுக்கு மூன்று மகள்கள், அப்போது பள்ளி வயது. அடுத்து யார் என்பது தெளிவாக இல்லை. விட்பிரெட் என்ற இங்கிலாந்து மது நிறுவனத்தைப் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டார். அறுநூறு ஆண்டுக் குடும்பத் தொழிலில் வெளி ஆள்!

பெரிய நிறுவனத்தின் அவசரமும் திராட்சைக் கொடியின் நிதானமும் ஒத்துப்போகவில்லை. 1991-ல் பியெரோ அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கினார். குடும்பத் தொழில் முழுதாகக் குடும்பத்துக்கே வந்தது. தம்பியின் ஓர்னெல்லாயாவில் முதலில் மொண்டாவி நிறுவனம் நுழைந்தது. 2005-ல் அது முழுமையாக, ஃப்ளாரன்ஸின் இன்னொரு பழைய ஒயின் குடும்பமான ஃப்ரெஸ்கோபால்டியிடம் போய்ச் சேர்ந்தது.

விட்டதைப் பிடித்தவர் பியெரோ மட்டுமல்ல. அதே டஸ்கனி மாநிலத்தில், 1141-லிருந்து ப்ரோலியோ கோட்டையை வைத்திருக்கும் ரிகாசொலி குடும்பம், தன் ஒயின் தொழிலை 1970-களில் வெளியாருக்கு விற்றுவிட்டது. ஃப்ளாரன்ஸில் புகைப்படக் கலைஞராக இருந்த ஃப்ரான்செஸ்கோ ரிகாசொலி 1993-ல் அதை மீட்டு, தோட்டங்களைப் புதிதாக நட்டு, தரத்தை நிமிர்த்தினார்.

மூன்று மகள்கள்

25 தலைமுறைகளாக அப்பாவிடமிருந்து மகனுக்குப் போன பொறுப்பு, இப்போது மகள்களிடம் வந்திருக்கிறது. அல்பியெரா, அல்லெக்ரா, அலெஸ்ஸியா. மூன்று சகோதரிகளும் தொழிலில் இருக்கிறார்கள். மூத்தவர் அல்பியெரா, நிறுவனத்தின் தலைவர். பியெரோ கௌரவத் தலைவராக ஒதுங்கிக்கொண்டார்.

அவர் சும்மா ஒதுங்கவில்லை. தன் காலத்தில் பட்டது மகள்கள் காலத்தில் வரக் கூடாது என்று, 2012-ல் நிறுவனத்தை ஒரு டிரஸ்டின் கீழ் கொண்டுவந்தார். சுமார் 90 ஆண்டுகளுக்கு அது குடும்பத்தை விட்டுப் போக முடியாதபடி ஏற்பாடு. கோபத்திலோ அவசரத்திலோ யாரும் தன் பங்கை வெளியாருக்கு விற்றுவிட முடியாது. அந்த 90 ஆண்டுகள் முடியும்போது, கையெழுத்துப் போட்ட யாரும் உயிரோடு இருக்க மாட்டார்கள். பிறக்காத பிள்ளைகளுக்காக எழுதிய பத்திரம் அது.

அதே 2012-ல், பர்ஜீனோ என்ற இடத்தில் குன்றுக்குள் புதைந்தாற்போல் ஒரு ஒயின் ஆலையைத் திறந்தது குடும்பம். கூரை மேலேயே திராட்சைக் கொடிகள். தூரத்தில் இருந்து பார்த்தால் குன்றில் கீறிய இரண்டு கோடுகள் மட்டும் தெரியும். உலகின் சிறந்த திராட்சைத் தோட்டங்களுக்கான 2022-ம் ஆண்டுப் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்.

12 குடும்பங்கள் மட்டும்

1992-ல் ஐரோப்பாவின் பழைய ஒயின் குடும்பங்கள் சேர்ந்து 'ப்ரீமும் ஃபமிலியே வினி' என்ற சங்கத்தை ஆரம்பித்தன. லத்தீன் பெயர். ஒயினின் முதன்மைக் குடும்பங்கள் என்று பொருள் சொல்லலாம். 12 குடும்பங்களுக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆன்டினோரி, ஹ்யூகெல், பர்கண்டியின் ட்ரூஆன், ஜெர்மனியின் ஈகோன் முல்லர், ஸ்பெயினின் டோரஸ், போர்ச்சுகலின் சிமிங்டன் போன்றவர்கள் அதில் உண்டு. நிபந்தனை எளிது. தொழில் குடும்பத்தின் கையில் இருக்க வேண்டும். விற்றுவிட்டால் இடம் கிடையாது. மொண்டாவி குடும்பமும் ஒரு காலத்தில் உறுப்பினர்தான். பிரான்ஸின் ஜபூலே குடும்பமும் அப்படித்தான். விற்றார்கள், வெளியேறினார்கள்.

இந்தச் சங்கம், மற்ற தொழில்களில் இருக்கும் குடும்ப நிறுவனங்களுக்கு ஒரு லட்சம் யூரோ பரிசும் தருகிறது. முதல் பரிசு போனது பிரஸ்ஸல்ஸ் நகரில் வயலின் செய்து, பழுதுபார்க்கும் ஒரு குடும்பத்துக்கு.

அடுத்த சோதனை, வெயில்

வாரிசு, வரி, சண்டை எல்லாவற்றையும் தாண்டிய குடும்பங்களுக்கு இப்போது புதிதாக ஒரு கவலை. வெப்பம் கூடுகிறது. பழம் சீக்கிரம் பழுக்கிறது. தாத்தா சொல்லிக்கொடுத்த பருவக் கணக்கு பொய்க்கிறது.

1870-லிருந்து தொழிலில் இருக்கும் டோரஸ் குடும்பம், இதற்கு இரண்டு வழிகளில் தயாராகிறது. பைரனீஸ் மலையடிவாரத்தில் ட்ரெம்ப் என்ற இடத்தில், கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் நிலம் வாங்கிக் கொடிகளை நட்டிருக்கிறது. கீழே வெயில் தாங்காத நாள் வந்தால், மேலே தோட்டம் தயாராக இருக்கும். இன்னொன்று, அழிந்துபோனதாக நினைத்த பழைய கத்தலோனிய திராட்சை வகைகளைத் தேடுவது. 1980-களில் உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். 'உங்கள் தோட்டத்தில் பெயர் தெரியாத கொடி இருந்தால் சொல்லுங்கள்.' விவசாயிகள் சொன்னார்கள். 50-க்கும் மேற்பட்ட வகைகள் மீண்டன. அவற்றில் சில, வெயிலையும் வறட்சியையும் நன்றாகத் தாங்குகின்றன. தேடத் தொடங்கியவர் நான்காம் தலைமுறையின் மிகெல் டோரஸ். அந்தக் கொடிகளில் இருந்து ஒயின் தயாரிப்பது ஐந்தாம் தலைமுறை.

நிலைத்த குடும்பங்கள் செய்த நான்கு விஷயங்கள்

* உயிரோடு இருக்கும்போதே 'எனக்குப் பிறகு யார், எப்படி?' என்பதை எழுதி முடித்தார்கள். செஸாரே மொண்டாவி போனபின் சகோதரர்களுக்கு நடுவில் அம்மா மட்டுமே நின்றார். பியெரோ ஆன்டினோரி பத்திரம் எழுதிவைத்தார்.

* சொத்தில் பங்கு வேறு, நிர்வாகம் வேறு என்று பிரித்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. ஆனால், தோட்டத்தை நடத்துவது அதில் இறங்கி வேலை செய்பவர்கள்.

* விலக விரும்பும் உறவினருக்குக் கௌரவமான வழி வைத்தார்கள். பங்கை முதலில் வீட்டுக்குள்ளேயே விற்க வேண்டும் என்று சொன்னால் போதாது. அதை வாங்கப் பணமும் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளி ஆள்தான் வருவார்.

* மகள்களைக் கணக்கில் சேர்த்தார்கள். அன்னா கொதோர்னியூவும் ஃப்ரான்ஸுவாஸ் ஜோசஃபினும் இல்லையென்றால் அந்தப் பெயர்கள் நமக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம். ஆன்டினோரி குடும்பத்துக்கு இது புரிய 25 தலைமுறைகள் ஆயின.